வெயிலில் வைப்பர் போடுகிறவர்களுக்கு ஒரு மாஸ்டர்

வெளிநாட்டில் வலது பக்கம் ஓட்டிப் பழகிவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு மறுபடியும் இடது பக்கம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாஸ்டரைப் பற்றியது இது. முதலில் காசு விஷயம். நான் விசாரித்தபோது அதை யாருமே நேராகச் சொல்லவில்லை. ஒரு பாடம் ஒன்றரை மணி நேரம், 80 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). நாலு பாடம் எடுத்தேன், 320 ஆனது. வண்டியும் பெட்ரோலும் அவருடையது. டோலும் தேத்தண்ணியும் நம்முடையது, இதை அவர் முன்கூட்டிச் சொல்ல மாட்டார், ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இரண்டாவது கிளாஸ் வந்த பிறகு தானாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ரொக்கம் மட்டும். ரசீது கிடையாது.

ஊர் மலேசியாவில், பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட். இது புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்களுக்கான பாடம் இல்லை. லைசென்ஸ் கையில் இருக்கும், கைதான் மறந்திருக்கும், அப்படிப்பட்டவர்களுக்கு. மாஸ்டர் முன்பு ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், அதற்கு முன் தோட்டத்து லோரி ஓட்டியவர். இப்போது ஓய்வு. பழைய மேனுவல் கன்சில் கார் ஒன்று, இடது பக்கம் அவர் காலுக்கு ஒரு பிரேக், அவ்வளவுதான் நிறுவனம். பெயரையும் நம்பரையும் எங்கேயும் எழுதாதே என்று சொல்லிவிட்டார், எழுதவில்லை. மார்க்கெட் பக்கத்து ஒட்டுக்கடைகளில் ‘பழைய டிரைவிங் மாஸ்டர்’ என்று கேட்டால் ஆளைக் காட்டுவார்கள்.

என் கதையைச் சொன்னால்தான் இது யாருக்கு உதவும் என்று தெரியும். 18 வயதில் இதே ஊரில் லைசென்ஸ் எடுத்தவள் நான். அப்பாவின் காரில் பத்து வருஷம் ஓட்டியிருக்கிறேன். அப்புறம் கல்யாணம், துபாய், அங்கே ஒன்பது வருஷம் வலது பக்கச் சாலை, இடது பக்க ஸ்டீயரிங். போன ஆடி மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பிள்ளைகளோடு வந்து சேர்ந்தேன், கணவர் ஒப்பந்தம் முடித்துக்கொண்டு பிறகு வருவதாக ஏற்பாடு. இங்கே வந்தால் பழைய பழக்கம் தானாக வந்துவிடும், நீச்சலும் சைக்கிளும் மறக்குமா என்ற தைரியம். லைசென்ஸையும் தம்பி வருஷா வருஷம் 30 வெள்ளி கட்டிப் புதுப்பித்தே வைத்திருந்தான்.

துபாய் போன புதிதில் நான் பயந்த பயம் இருக்கிறதே, அது நிஜமான பயம். ஷேக் சாயித் சாலையைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் மெட்ரோவிலேயே போனேன். ஆனால் ஓட்ட ஆரம்பித்த பிறகு இரண்டு வாரத்தில் பழகிவிட்டது, அதற்குக் காரணம் என் திறமை இல்லை. கோடு பளிச்சென்று இருக்கும், அம்புக்குறி இருக்கும், முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் வண்டி இருக்கும், முன்னால் போகிறவன் போகும் பக்கம் போனால் போதும். அங்கே நான் தப்புப் பக்கம் ஏறியது ஒரே ஒரு தடவை, விடிகாலை ஐந்து மணிக்கு, கட்டடத்துக் கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வரும்போது, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாத நேரத்தில். அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவே இல்லை. மாஸ்டர்தான் பிறகு தோண்டி எடுத்தார்.

இங்கே வந்த மூன்றாவது நாள், ஆடி வெள்ளி. அம்மாவை அழைத்துக்கொண்டு நாங்கள் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் காலையிலேயே கிளம்பினேன். தாமானிலிருந்து (எங்கள் வீடு இருக்கும் குடியிருப்பு) பெரிய ரோட்டுக்கு வந்தேன், எல்லோரும் இடது பக்கம் போகிறார்கள், நானும் போனேன், ஒரு பிசகும் இல்லை. வைப்பர்தான் இரண்டு தடவை ஓடியது. துபாய் வண்டியில் சிக்னல் குச்சி இடது கையில், இங்கே மைவி, சாகா கார்களில் அது வலது கையில், இடது கையில் இருப்பது வைப்பர். “மழையா பெய்யுது பாப்பா?” என்றார் அம்மா. சிரித்துக்கொண்டே தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் திருப்பினேன். அங்கே கோடு இல்லை, போர்டு இல்லை, இரண்டு பக்கமும் செம்பனை, ஒன்றரை வண்டி போகிற அகலம், எல்லோருமே நடுவில்தான் ஓட்டுவார்கள். ஒரு வளைவில் குலை ஏற்றிய லோரி எதிரே வந்தது. என் கை யோசிக்காமல் வலது பக்கம் ஒடித்தது. லோரிக்காரர் முறைப்படி அவருடைய இடது பக்கம் ஒதுங்கினார். இரண்டும் ஒரே பக்கம். நின்றபோது லோரியின் பம்பரில் ஒட்டியிருந்த சேற்றை என்னால் எண்ண முடிந்தது. அவர் திட்டவில்லை, ஒரு நீளமான ஹாரன் அடித்துவிட்டுப் பின்னால் எடுத்தார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீ எந்தப் பக்கம் போற?” என்று மட்டும் கேட்டார்.

அன்றே கணவருக்குப் போன் செய்து பாடம் எடுக்கப்போகிறேன் என்றேன். “நம்ம ஊர்ல ஓட்ட நமக்கே வாத்தியாரா?” என்று சிரித்தார். அவர் சிரிப்பை ஓர் ஓரமாக வைப்போம்.

முதலில் போனது மாஸ்டரிடம் இல்லை. வேறொரு பெரிய டவுனில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ‘மறுபயிற்சி பேக்கேஜ்’ என்று ஒன்று இருந்தது, காசு கட்டினேன். அவர்கள் என்னைச் சோதனைத் திடலில் விட்டு ஏற்றத்தில் நிறுத்து, பார்க்கிங் போடு, மூன்று தடவையில் திருப்பு என்றார்கள். மூன்றும் எனக்குத் துபாயில் தினசரி வேலை. திடலில் எதிரே வண்டியே வராது, அப்புறம் இடது என்ன, வலது என்ன? சொல்லிக்கொடுத்த தம்பி பாதி நேரம் போனில் இருந்தார். ஒரு வகுப்போடு நிறுத்திவிட்டேன், மீதிக் காசு திரும்பவில்லை. பெயர் வேண்டாம், விடுங்கள்.

மாஸ்டர் விஷயத்தில் எனக்கு முதலில் பிடித்தது, வண்டியில் ஏற்றுவதற்கு முன் அவர் கேட்ட கேள்விகள். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, எந்த நாட்டில் இருந்தாய், எத்தனை வருஷம், அங்கே ஆட்டோவா மேனுவலா என்றெல்லாம் கேட்டுவிட்டு, லோரி வந்தபோது மணி என்ன என்றார். பின்னால் வேறு வண்டி இருந்ததா என்றார். இல்லை என்றதும் தலையாட்டினார். “கூட்டமா இருந்தா கவலையே இல்லம்மா, கூட்டம் நம்மள இழுத்துக்கிட்டுப் போயிரும். காலி ரோட்டுலதான் பழைய கை இழுக்கும்.” தன்னிடம் வந்த வெளிநாட்டுக்காரர்கள் (திரும்பி வந்த எங்களை அவர் அப்படித்தான் சொல்கிறார்) யாருமே ஈப்போ டவுனில் தப்புப் பக்கம் போனதில்லையாம். எல்லாம் தோட்டத்து ரோடு, தாமானின் உள்தெரு, பெட்ரோல் ஸ்டேஷன் வாசல், விடிகாலை. அப்போதுதான் எனக்கு அந்தத் துபாய் கார் நிறுத்துமிடம் ஞாபகம் வந்து சொன்னேன். “பாத்தியா” என்றார், அவ்வளவுதான்.

இவ்வளவு பேசுகிறவர் எந்த வெளிநாட்டில் ஓட்டியிருக்கிறார் என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். தாய்லாந்தில் ஹட்யாய் தாண்டிப் போனதில்லை. அங்கேயும் இடது பக்கம்தான்.

முதல் பாடத்தில் இருபது நிமிஷம் எஞ்சினையே போடவிடவில்லை. பெல்ட் போடு, கழற்று, கண்ணாடியைப் பார், கியரைத் தொடு, மறுபடியும் முதலிலிருந்து. எரிச்சலாக இருந்தது, ஆனால் கவனித்தால் ஒவ்வொன்றிலும் என் உடம்பு தப்புப் பக்கம் போனது. பெல்ட்டுக்கு இடது தோள் மேல் கை போகும், அங்கே ஒன்றும் இருக்காது. நடுக் கண்ணாடியைத் தேடிக் கண் வலது பக்க மேல் மூலைக்குப் போகும், அங்கே வானம். கியருக்கு வலது கை போய்க் கதவில் இடித்துக்கொள்ளும், இந்த ஒன்றுக்கு மட்டும் நாலு பாடம் முடிந்தும் என் விரல் முட்டியில் ஒரு சின்னக் காயம் இருந்தது. மிதிகள் மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே வரிசை, கிளட்ச், பிரேக், எண்ணெய் (ஆக்சிலேட்டர்). கால் தப்பித்தது. கியர் போடும் வரிசையும் அதேதான், ஆனால் முதல் கியர் அங்கே நம்மை நோக்கி இழுத்துப் போட வேண்டியது, இங்கே நம்மை விட்டுத் தள்ளிப் போட வேண்டியது, இதை எழுதும்போதுகூட எனக்குக் கையை ஆட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் பந்துத் திடலுக்குப் போனோம். டிக்கியிலிருந்து ஒன்பது காலி மைலோ டின்களை எடுத்து வரிசையாக வைத்தார். மற்ற மாஸ்டர்கள் இடிக்காமல் ஓட்டச் சொல்வார்கள், இவர் முன்னால் இருக்கும் இடது சக்கரத்தால் ஒவ்வொன்றையும் நசுக்கச் சொன்னார். முதல் சுற்றில் ஒன்றுகூட நசுங்கவில்லை. இறங்கிப் பார்த்தால் என் சக்கரத் தடம் டின்களுக்கு இடது பக்கம் ஒரு முழம் தள்ளி, ஒழுங்காக, நேர்க்கோட்டில் போயிருக்கிறது. இதுதான் நான் இந்த 320 வெள்ளிக்கு வாங்கிய மிகப் பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். வலது பக்கச் சாலையில் ஓட்டுகிறவரின் உடம்பு தடத்தின் இடது பாதியில் இருக்கும், ஒன்பது வருஷம் அப்படியே இருந்தது. இங்கே ஸ்டீயரிங் வலது பக்கம். உடம்பு தன் பழைய இடத்தில் உட்காரப் பார்க்கிறது, அப்படி உட்கார்ந்தால் மீதி வண்டி முழுவதும் இடது பக்கம் வழிந்து போகிறது. புல்லில், லோங்காங்கில் (எங்கள் ஊரில் சாக்கடைக் கால்வாய்க்கு அதுதான் பெயர்), எல்லாவற்றையும்விட மோசமாக, ஓரமாகக் கப்சாய் மோட்டார் சைக்கிளில் போகிற மனிதர் மேல். வந்த முதல் வாரத்தில் இரண்டு மோட்டார்க்காரர்கள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார்கள், நான் அவர்களுக்குத்தான் ரோடு தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு பேரிடமும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாவது சுற்றில் ஆறு டின் நசுங்கியது. நசுங்கும் சத்தம் நன்றாக இருக்கிறது.

அவருடைய ஒரே சூத்திரம்: “உன் உடம்பு எப்பவும் கோட்டுப் பக்கம். புல்லுப் பக்கம் உட்கார வேண்டியது அம்மா.” அதாவது எந்த நாட்டுக்குப் போனாலும் ஓட்டுகிறவர் சாலையின் நடுவை ஒட்டியும் பக்கத்தில் இருப்பவர் ஓரத்தை ஒட்டியும் இருந்தால் பக்கம் சரி. துபாயிலும் இது பொருந்தும், ஜெர்மனியிலும் பொருந்தும், இடது வலது என்று யோசிக்கவே வேண்டாம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒட்டுக்கடைத் தம்பி, பர்மாவிலிருந்து வந்து வேலை செய்கிறவர், தங்கள் நாட்டில் இது செல்லாது என்றார். அவர் சொன்னது உண்மைதான். அங்கே 1970-ல் வலது பக்கத்துக்கு மாறிவிட்டார்கள், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் நிறைய, அவற்றில் ஸ்டீயரிங்கும் வலது பக்கமே. ஓட்டுகிறவர் புல் பக்கம் உட்கார்ந்திருப்பார், முந்துவதற்குப் பக்கத்து ஆளைத்தான் எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மாஸ்டர் முகம் சுருங்கிப்போனது. ஒரு நாடு தன் சூத்திரத்தைக் கெடுத்துவிட்டதே என்று.

அவரைத் தேற்றத்தான் சுவீடன் கதையைச் சொன்னேன். 1967 செப்டம்பர் 3, விடிகாலை ஐந்து மணிக்கு அந்த நாடு முழுவதும் இடதிலிருந்து வலதுக்கு மாறியது. எல்லோரும் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை, விபத்து கொஞ்ச காலத்துக்குக் குறையவே செய்தது, ஏனென்றால் அத்தனை பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்ந்திருக்கிறார்கள். பழகிய பிறகு பழையபடி ஏறிவிட்டது. “அதத்தானே நானும் சொல்றேன்” என்று மாஸ்டர் உடனே தெளிந்துவிட்டார். சமோவா தீவுக்காரர்கள் 2009-ல் நம் பக்கத்துக்கு, அதாவது இடது பக்கத்துக்கு மாறினார்கள், ஆஸ்திரேலியா நியூசிலாந்திலிருந்து மலிவாகக் கார் வாங்கலாம் என்று. அது அவருக்கு இன்னும் பிடித்தது. அடுத்த பாடத்தில் வேறொரு மாணவரிடம் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாடம் முழுவதும் பெட்ரோல் ஸ்டேஷன். மத்தியானம் மூன்று மணி, ரோடு காய்ந்து கிடக்கும் நேரமாகப் பார்த்து அழைத்துப் போனார். உள்ளே போ, எஞ்சினை நிறுத்து, இறங்கு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வா, ஏறு, வெளியே போ. ஏழு தடவை. நாலாவது தடவையிலிருந்து பம்ப்பில் நின்ற பையன் கையசைக்க ஆரம்பித்தான். வண்டியை விட்டு இறங்கி நாலடி நடந்து ஏறினால் மூளை புதுசாகத் தொடங்குகிறது, அதுவரை இடது பக்கம் ஓட்டியதெல்லாம் அழிந்துவிடுகிறது. மூன்றாவது தடவை நான் நேராக எதிர்த் தடத்துக்குத் திருப்பினேன், மாஸ்டர் காலைப் பிரேக்கில் வைத்துவிட்டு, கோபிக்காமல், “இதுக்குத்தான் வந்தோம்” என்றார். அன்றிலிருந்து எங்கே நிறுத்திக் கிளம்பினாலும் “நான் கோட்டுப் பக்கம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கியரைத் தொடுகிறேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அவர்களே இன்னும் ஸ்டீயரிங் பக்கத்துக் கதவுக்குப் போய் நின்றுகொண்டுதான் முன்சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள்.

திரும்பும்போது மகாத்மா காந்தி கலாசாலை விடும் நேரம், இரண்டு பக்கமும் கார், நடுவில் பிள்ளைகள். ரோட்டைக் கடக்கும் பிள்ளைகள் முதலில் வலது பக்கம் பார்ப்பதைக் காட்டி, “உன் கழுத்து எந்தப் பக்கம் திரும்புது பாரு” என்றார். இடது பக்கம். நடக்கும்போதுகூட.

மூன்றாவது பாடம் தோட்டத்துப் பாதைகள். லிந்தாங் சாலைப் பக்கம் போய் உள்ளே உள்ளே திருப்பி, எனக்கு லோரி வந்த வளைவு மாதிரியே ஏழெட்டு வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன், வேகம் இருபது, இடது ஓரம். அதெல்லாம் எல்லோரும் சொல்வது. அவர் சொன்ன புது விஷயம், எதிரே வண்டி வந்து பயந்துவிட்டால் ஸ்டீயரிங்கைத் தொடாதே என்பது. “பயந்த கை பழைய ஊருக்குத்தான் போகும். மொதல்ல நில்லு. நின்னுட்டு அப்புறம் இடது.” இதை அவர் வாயால் சொன்னதோடு விடவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்து டிராக்டர்காரரிடம் சொல்லி வைத்து, எனக்குச் சொல்லாமல், ஒரு வளைவில் எதிரே வரவைத்தார். நின்றேன். இடது ஒதுங்கினேன். டிராக்டர்காரர் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் அது ஏற்பாடு என்றே தெரிந்தது. கோபம் வந்தது, வண்டியிலேயே சண்டை போட்டேன், இருதய வியாதிக்காரர் யாராவது ஓட்டியிருந்தால் என்ன ஆவது? உடம்புக்கு ஏதும் இருந்தால் அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இது நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆனாலும், அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குப் பாடம் ஏறியது என்பதையும் மறைக்க முடியாது.

குறை என்று வந்தாயிற்று, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நேரத்துக்கு வர மாட்டார், இரண்டு தடவை இருபது நிமிஷம் காக்கவைத்தார். வண்டியில் புகைக்க மாட்டார், ஆனால் புகைத்துவிட்டு ஏறுவார். கன்சிலின் ஏர்கோன் பேருக்குத்தான். வாய் ஓயாது. லிந்தாங் சாலையில் போகும்போது 1948 ஜூன் 16-ம் தேதிக் கதையைத் தொடங்கிவிட்டார், எல்பில் தோட்டத்தில் கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் துரையைச் சுட்டது, இன்னொரு தோட்டத்தில் இரண்டு பேரைச் சுட்டது, அதோடு நாட்டில் அவசரகாலம் வந்தது, தன் தகப்பனார் அப்போது எங்கே ஒளிந்திருந்தார் என்பது வரைக்கும். கதை அருமையாக இருந்தது, நான் ஒரு முனையில் சிக்னலே போடாமல் திரும்பினேன், அதற்கும் திட்டு எனக்கே விழுந்தது. மேனுவல் வண்டி மட்டுமே வைத்திருக்கிறார், ஆகவே ஆட்டோ லைசென்ஸ் எடுத்தவர்கள் சட்டப்படி அதை ஓட்ட முடியாது, போய்விட்டு ஏமாறாதீர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இருட்டில் பாடம் எடுக்க மாட்டார். கண்ணில் பூ விழுந்திருக்கிறதாம். காலி ரோடும் விடிகாலையும்தான் ஆபத்து என்று சொல்கிறவர் அந்த நேரத்தில் வர மாட்டேன் என்றால் எப்படி? கேட்டுவிட்டேன். “அதுக்கு உங்கம்மா இருக்காங்கல்ல” என்றார். அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. அரை மதிப்பெண் இங்கே குறைகிறது.

கடைசிப் பாடம் இரண்டு மணி நேரமாக நீண்டது, கூடுதல் காசு கேட்கவில்லை. பழைய ரோட்டில் கோலகங்சார் வரை போய், அங்கே மணிக்கூண்டு வட்டத்தைச் சுற்றி, நெடுஞ்சாலையில் ஏறி ஈப்போ பக்கம் இறங்கி, மறுபடி பழைய ரோட்டில் ஊருக்கு. வட்டம்தான் எனக்குப் பயமாக இருந்தது. துபாயில் வட்டத்தைக் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுவோம், இடது பக்கமிருந்து வருகிறவருக்கு வழி. இங்கே கடிகாரம் போகும் திசை, வலது பக்கமிருந்து வருகிறவருக்கு வழி. மணிக்கூண்டையே வைத்துச் சொல்லிக்கொடுத்தார், “முள்ளு எப்படிப் போகுதோ அப்படிப் போ.” மூன்று சுற்று. தலை சுற்றியதும் மாவட்ட அலுவலகம் பக்கம் நிறுத்தி, 1877-ல் நட்ட ரப்பர் மரத்தைக் காட்டினார். நாட்டில் முதன்முதலில் நட்ட கன்றுகளில் மிஞ்சியிருப்பது. இடது பக்கம் ஓட்டுவதும் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது, இந்த மரமும் அவன் கொண்டு வந்தது, நம்ம பாட்டனையும் அவனே கொண்டு வந்தான் என்றார். அவர் கணக்கில் எல்லாம் ஒரே கப்பல்.

நெடுஞ்சாலையில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏறி, வேகம் பிடித்து, பொறுமையாகப் போவோம் என்று வலது தடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். துபாயில் மெதுவாகப் போகிறவர்களின் இடம் அதுதான். இங்கே அது முந்துகிறவர்களின் தடம். பின்னால் ஒரு வண்டி விளக்கை அடித்தது, அப்புறம் இன்னொன்று. இவர்கள் ஏன் என் மெதுவான தடத்தில் வந்து இப்படி அவசரப்படுகிறார்கள் என்று எனக்கு நிஜமாகவே கோபம். மாஸ்டர் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா, கல்யாண வீட்டு வாசல்ல பாய் விரிச்சிட்ட?” என்றார். இடது பக்கம் ஒதுங்கினேன். ஒதுங்கும்போது வைப்பர் ஓடியது. மெனோரா சுரங்கத்துக்குள் போய்வரும் வரை அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

போகிறவர்களுக்கும், அதாவது இங்கிருந்து வலது பக்க நாடுகளுக்குப் போகிறவர்களுக்கும் பாடம் எடுப்பாரா என்றால், எடுக்கிறேன் என்கிறார், அதே திடல், அதே டின். வலது கைப்பக்க ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டு அது எவ்வளவு உதவும் என்று எனக்குச் சந்தேகம். பெட்ரோல் ஸ்டேஷன் பாடம் மட்டும் இரண்டு திசைக்கும் பொருந்தும். என் அனுபவத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: விமானம் இறங்கிய கையோடு, தூக்கக் கலக்கத்தில், வாடகை வண்டியை எடுக்காதீர்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, பகலில், ரோட்டில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள். கூட்டத்தைப் பார்த்துப் பயப்படத் தோன்றும், ஆனால் கூட்டம்தான் முதல் நாளில் நமக்கு வாத்தியார்.

மதிப்பெண் ஐந்துக்கு நாலு. இருட்டுக்கு அரை, காக்கவைத்ததற்கும் டிராக்டருக்கும் சேர்த்து அரை. இரண்டு மாதம் ஆகிறது, அம்மாவை வாரம் ஒரு தடவை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன், போக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், இதுவரை பக்கம் மாறவில்லை. வைப்பர் எப்போதாவது ஓடுகிறது. அப்படி ஓடினால் முன்னால் நிற்கும் வண்டிக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார், வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆண்கள் வந்தால் மாஸ்டருக்கு வேலை அதிகமாம். பெண்கள் தப்பு நடந்தது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், ஆண்கள் வண்டி சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவார்களாம். அடுத்த மாதம் என் கணவர் துபாயிலிருந்து வருகிறார். மாஸ்டரிடம் அவருக்கு மூன்று பாடம் சொல்லி, காசும் கொடுத்துவிட்டேன். கணவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.